நாணமும் நோயும்

நம்மோடு பல்லாண்டுகள் படிப்பித்த நண்பர் ஒருவர் அண்மையில் நம் இல்லத்துக்கு வந்திருந்தார். கதிரையில் நன்றாக அமர இயலாது ஓரத்திலே ஒதுங்கியிருந்தவரிடம் காரணம் வினவினோம். நெடுநேரத் தயக்கத்தின் பின், "மூல வியாதிதான், மாஸ்டர். எட்டு மாதமாக இரத்தம் போகிறது" என்றார். "வைத்தியரிடம் காட்டினீரா?" என்றோம். "இதைப் போய் ஒருவரிடம் எப்படிக் காட்டுவது?" என்று தலைகுனிந்தார்.

அச்சொல்லே இவ்வாரம் நம்மை எழுதத் தூண்டியது. தலையிடியையும் நெஞ்சு நோவையும் ஊர் கேட்கப் பேசும் நாம், மலவாசலில் வரும் நோயை மட்டும் மனைவி மக்களிடமும் மறைக்கின்றோம். அங்கே இரத்தம் கசிந்தால் பெரும்பாலும் அது மூலமே. ஆயினும் சிலருக்கு அது புற்றுநோயாகவும் இருத்தல் கூடும். மலவாசற் புற்றுநோய் அரிதானதே. எனினும், இரத்தக் கசிவு, வலி, அரிப்பு, சிறு கட்டி என மூலத்தின் வேடத்திலேயே அதுவும் வருவதால், வைத்தியர் பரிசோதித்தாலன்றி இரண்டையும் வேறுபிரித்து அறிய இயலாது.

முன்னாளில் இந்நோய்க்குப் பெரும்பாலும் கத்தியே கதியாக இருந்தது. மலவாசலையும் அதனை அடுத்த குடற்பகுதியையும் அடியோடு அகற்றுவர். வயிற்றிலே துவாரம் அமைத்து, வாழ்நாள் முழுவதும் அதன் வழியே மலம் ஒரு பையிற் சேருமாறு செய்வர். இவ்வளவுக்குப் பின்னரும் பலருக்கு நோய் மீண்டது.

அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரிலே, வெயின் ஸ்ரேற் பல்கலைக்கழகத்தில், நோர்மன் நைக்ரோ என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் இருந்தார். கத்தி வைக்குமுன் கட்டியைச் சுருக்கிவிட்டால் நோய் மீளாது என எண்ணி, அவரும் அவருடைய தோழர்களும் நோயாளர்க்குக் கதிர்வீச்சையும் புற்றுநோய் மருந்துகளையும் சேர்த்தே கொடுத்தனர். மூவரிடத்துக் கண்ட பயனை 1974ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இருவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அகற்றிய பகுதியை ஆராய்ந்தபோது அதிலே புற்று இருக்கவில்லை. மூன்றாமவர் சத்திரசிகிச்சைக்கு இணங்கவில்லை. அவரிடத்தும் நோய் மீளக் காணப்படவில்லை! துணையாக வந்த சிகிச்சையே நோயைத் தீர்த்துவிட்டது. கத்தியைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், கத்தி வேண்டாதவாறு நோய் தீர்ந்ததை மறையாது உரைத்தார் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க.

மூவரைக் கொண்டு முடிவு கூறலாமா? கூடாது. எனவே பல நாட்டவரும் தொடர்ந்து ஆராய்ந்தனர். 585 நோயாளர் பங்குகொண்ட பிரித்தானிய ஆய்வொன்றின் முடிவு 1996இல் வெளிவந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 59 பேருக்கு அவ்விடத்து நோயை அடக்கும் முயற்சி தோல்வியுற்றது. மருந்தும் சேர்ந்தபோது தோல்வி 36ஆகக் குறைந்தது.

இச்சேர்க்கையின் சூட்சுமம் யாது? உயிரணு பெருகுவதற்குத் தன் மரபுப்பொருளைப் படியெடுத்தல் வேண்டும். புளோரோயூராசில் என்னும் மருந்து, அதற்கு வேண்டிய மூலப்பொருளைப் போல நடித்துக் கள்ள நாணயமாக உட்புகுந்து வேலையைக் கெடுக்கிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து யப்பானியர் கண்டெடுத்த மைற்றோமைசின், மரபுப்பொருளின் இரு இழைகளையும் பிரியவொட்டாது பிணைக்கிறது. கதிர்வீச்சு அவ்விழைகளை அறுக்கிறது. இவ்வாறு தாக்குண்ட புற்றணு தன்னைச் சீர்செய்ய இயலாது மடிகிறது.

சிகிச்சை ஏறக்குறைய ஐந்து ஆறு வாரங்கள் நடைபெறும். அது இலகுவானதன்று. தோல் வெந்து புண்ணாகும். வயிற்றோட்டமும் களைப்பும் உண்டாகும். இரத்த அணுக்கள் குறையும். வீட்டாரின் ஆதரவு மிகவும் வேண்டப்படும் காலம் அது. பொறுமையும் வேண்டும். 940 பேர் பங்குகொண்ட பிறிதோர் ஆய்விலே, 11ஆம் வாரத்தில் கட்டி முற்றாக மறையாதிருந்த 209 பேருள் 151 பேருக்கு 26ஆம் வாரத்தளவில் அது மறைந்திருந்தது. அவசரப்பட்டுக் கத்தியை எடுத்திருந்தால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும்! சிகிச்சைக்கு அடங்காத நோய்க்கும் மீளும் நோய்க்கும் சத்திரசிகிச்சை இன்றும் கைகொடுக்கிறது.

நிற்க, இந்நோய்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மனிதப் பப்பிலோமா என்னும் வைரசு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் அதுவே காரணம். நம் நாட்டிலே 2017 முதல் ஆறாந்தரத்து மாணவிகளுக்கு அதற்கெதிரான தடுப்பூசி பாடசாலைகளில் ஏற்றப்படுகிறது. பெற்றோர் அதனைத் தட்டிக்கழித்தல் தகாது.

வைத்திய விஞ்ஞானம் இவ்வளவு செய்திருந்தும், நோயாளி வாய் திறவாவிடின் அதனால் ஆவது என்ன? கட்டி சிறிதாயிருக்கும்போது வருவோர்க்கே குணமாகும் வாய்ப்பு மிகுதி.

நண்பரை மறுநாளே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்தது. அது மூலமே என்றார் வைத்தியர். வெளியே வந்த நண்பர், "இதற்காகவா எட்டு மாதம் உறங்காதிருந்தேன்?" என்றார். இதே நாணத்தால் உறங்காதிருப்போர் உங்கள் இல்லத்திலும் இருத்தல் கூடும். இன்றே அவர்களிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.