சமயவுரிமை கொடையன்று

சமயவுரிமை என்பது மேனாட்டார் நமக்கு இரங்கி ஈந்த கொடை என்று அன்பர் சிலர் மேடைதோறும் முழங்கி வருகின்றனர். அவர் 1748-ஆம் ஆண்டை மறந்தனர் போலும். அவ்வாண்டில் அரியாங்குப்பத்துக் கோட்டை ஆங்கிலேயர்பாற் பட்டது, புதுவை முற்றுகைக்குள்ளாயிற்று. பகைவர் வாயிலில் நின்ற அந்தச் செப்டம்பர்த் திங்களிலே கவர்னர் துய்ப்ளே செய்தது யாது? சேசு சபையார் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசர் திருக்கோயிலை இடிப்பித்தார். அதனை அகற்றுமாறு அச்சபையார் பல்லாண்டுகளாக வற்புறுத்தி வந்தனர். துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியோ செல்வாக்கு மிக்க ஆனந்தரங்கப் பிள்ளை. அவரும் அவ்வழிவைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தாரேயன்றித் தடுக்க வல்லராயினாரல்லர். ஏன்? அதுகாறும் அக்கோயில் நின்றது ஆள்வோர் பொறுத்தமையால். பொறாத அன்று வீழ்ந்தது. எடுத்துக்காட்டி வழக்காட அன்று ஒரு சட்டமில்லை.

இவ்வேறுபாட்டை அமெரிக்கருள் ஒருவர் கூர்ந்துணர்ந்தார். 1776-இல் வர்ஜினியாவின் உரிமைச் சாசனம் எழுந்தபோது, முதல் வரைவிற் கண்டது சமயப்பொறை என்னும் கருத்தே. இளைஞராகிய மாடிசன் அதனை ஒப்பாது, எல்லார்க்கும் ஒத்த உரிமை எனத் திருத்துவித்தார். பொறுப்பவன் மேலும் பொறுக்கப்படுவோன் கீழுமாதல் அவர் கருத்துக்கு இசைந்திலது. ஜெபர்சன் வரைந்த சமயவுரிமைச் சட்டம் 1786-இல் அங்கு நிறைவேறிற்று. 1791-இல், சமயமொன்றை நிறுவும் சட்டம் இயற்றலாகாதென்று நடுவரசையும் கட்டுப்படுத்தினர். ஆயினும் மாசசூசெட்ஸ் நாட்டிற் சபைக்கெனத் தண்டிய வரி 1833-இலேதான் ஒழிந்தது. மேனாட்டுப் பெருமை பேசுவார் இதனையும் சேர்த்துப் பேசுக.

இனி நம்மவருள்ளும் ஒரு சாரார், அரசு சைவத்தின் பக்கல் நிற்றல் வேண்டும் என்பர். இது துய்ப்ளேயின் கடப்பாரையை நம் கையில் வாங்குதலாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மாற்றார் மதம் பதினான்கினை மறுத்தது எதனால்? சொல்லாலன்றோ! மலபரிபாகம் எய்திய உயிர்க்கே சத்திநிபாதம் என்பது நம் சித்தாந்தத் துணிபு. காவற்சேவகன் தடியெடுத்து மலத்தைப் பரிபாகப்படுத்துவனோ? ஆணைக்கஞ்சி நீறணிந்தான் நெற்றியிற் கிடப்பது வெறுஞ் சாம்பரே.

1962-இற் புதுவை சட்டப்படி இந்தியாவொடு இணைந்தபின், அரசியற் சட்டத்தின் 25, 26-ஆம் விதிகள் இங்கும் உரியவாயின. அவை சைவர்க்கென்றே எழுதியவையல்ல; அன்று கோயிலையிடிக்கத் தூண்டினார் வழிவந்தார்க்கும் அவையே காவல். இதனை மனங்கொள்ளாதார், நம் மடங்கட்கு இடர் நேருங்கால் எவ்வாயால் 26-ஆம் விதியைக் காட்டி வழக்காடுவர்?