முட்டை கொடுக்கலாமா? கூடாதா?

சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் அடுப்படி அல்ல, ஆஸ்பத்திரி!

குழந்தை ஒரு வாய் முட்டை தின்றது. சிறிது நேரத்தில் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. வாந்தியும் எடுத்தது. அன்று முதல் அந்த வீட்டில் முட்டை கிடையாது.

அது ஒரு வயதில் நடந்தது. பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. இனியாவது கொடுத்துப் பார்க்கலாமா? கூடாதா?

குண்டடம் பக்கத்தில் இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தந்தையும் தாயும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. காலையில் கம்பெனி வேன் ஏறினால், ஒன்றரை ஷிப்டு முடித்து இரவுதான் வீடு திரும்புவார்கள். பிள்ளை அப்பத்தாவின் கையில் வளர்கிறது.

பக்கத்துப் பல்லடம் கறிக்கோழிக்குப் பேர் போன ஊர். முட்டைக்கு நாமக்கல். பள்ளிக்கூடச் சத்துணவிலும் முட்டை உண்டு. இந்தப் பிள்ளை மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்காருகிறது.

மூன்று பேர், மூன்று கருத்து

"ஏங்கண்ணு, ஊரே தின்கிற முட்டை இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஆகாதா? துளியூண்டு கொடுத்தால் பழகிப் போகும்" என்கிறார் அப்பத்தா.

"வேண்டாமுங்க அத்தை. அன்றைக்குப் பட்டது போதும். முட்டை இல்லாமல் பிள்ளை வளராதா?" என்கிறாள் தாய்.

"ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். சீட்டில் என்ன வருகிறதோ, அதன்படி செய்யலாம்" என்கிறான் தந்தை.

மூவருக்கும் பிள்ளை மேல் உயிர். மூவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றில் எதுவும் முழு உண்மை அல்ல.

அப்பத்தா சொல்வது போல, வளர வளர ஒவ்வாமை மறைவது உண்டு. பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாளடைவில் நீங்கிவிடுகிறது. நிலக்கடலை அப்படி அல்ல. அது ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் நீங்கும். ஆனால் நீங்கிவிட்டதா, இல்லையா என்பதை வீட்டில் துளியூண்டு கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. முதல் தடவை தடிப்போடு போனது, அடுத்த தடவை மூச்சுத் திணறலாக வரலாம். அப்போது ஒவ்வொரு நிமிடமும் உயிர் போல. 108 வண்டி வரும் வரை கூடக் காத்திருக்க முடியாத நிலை வந்தால் அப்பத்தா என்ன செய்வார்?

சீட்டு சொல்வது பாதிதான்

தந்தையின் யோசனை நல்லதுதான். ஆனால் அது போதாது. ஒரு உணவின் மீது உடம்பு பகை கொண்டிருக்கிறதா என்பதைத்தான் ரத்தப் பரிசோதனை காட்டும். தின்றால் தீங்கு வருமா என்பதை அது உறுதியாகச் சொல்லாது.

இதற்கு நல்ல சாட்சி பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. பெங்களூரிலும் மைசூரிலும் பெரியவர்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2016இல் வெளிவந்தது. ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்குப் பகை தெரிந்தவர்கள் 100க்கு 26 பேருக்கு மேல்! உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்று கண்டவர்களோ, 100க்கு ஒருவருக்குச் சற்று மேல்தான்!

சீட்டை மட்டும் நம்பி உணவை நிறுத்தியிருந்தால் எத்தனை பேர் வீணாக நல்ல உணவை இழந்திருப்பார்கள்! முன்பு தின்றபோது என்ன நடந்தது என்பதையும், சீட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் டாக்டருக்கு விஷயம் விளங்கும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், வழி ஒன்றுதான். தின்று பார்க்க வேண்டும்!

எப்படிச் செய்கிறார்கள்?

இந்தச் சோதனை ஆஸ்பத்திரியில், டாக்டரின் கண் முன்னால் நடக்கும். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல், சளி, இழுப்பு எதுவும் இருக்கக்கூடாது. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி சில நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

முதலில் மிகச் சிறு துணுக்கு கொடுப்பார்கள். கால் மணி முதல் அரை மணி நேரம் காத்திருப்பார்கள். ஒன்றும் இல்லை என்றால் இன்னும் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். இப்படியே வயதுக்கு ஏற்ற முழு அளவு வரை போவார்கள். அதன் பிறகும் சில மணி நேரம் பிள்ளையைக் கவனிப்பார்கள். நடுவில் தீங்கு தெரிந்தால் உடனே நிறுத்தி மருந்து கொடுப்பார்கள். அட்ரினலின் ஊசி தயாராகப் பக்கத்திலேயே இருக்கும்.

முட்டையில் இன்னொரு வழியும் உண்டு. மாவில் கலந்து நன்றாக வேகவைத்த முட்டை, அதாவது கேக்கில் இருப்பது, பல பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும். ஆகவே டாக்டர்கள் பல சமயம் அதிலிருந்து தொடங்குகிறார்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. சமீபத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளை, ஆஸ்துமா அடங்காத பிள்ளை, ரத்தப் பரிசோதனையில் அளவு மிக அதிகமாக உள்ள பிள்ளை ஆகியோருக்குப் பொறுத்திருக்கும்படி டாக்டர் சொல்லலாம். பொறுப்பதும் ஒரு முடிவுதான். ஆனால் ஒரு தடவை "வேண்டாம்" என்றால், என்றைக்கும் வேண்டாம் என்று பொருள் அல்ல. காலம் விட்டு மறுபடியும் கேட்க வேண்டும்.

ஒரு நாள் கூலியா, வாழ்நாள் பயமா?

தாயின் பயம் நியாயமானது. பிள்ளையின் முகம் வீங்கியதைக் கண்ணால் கண்டவள் அவள். ஆனால் பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் காவல் காப்பது? கல்யாண வீடு, பள்ளிக்கூடம், பிறந்த நாள் கேக் என்று எல்லா இடத்துக்கும் தாய் கூடவே போக முடியுமா?

சோதனைக்கு ஒரு நாள் போகும். தாய், தந்தை இருவருக்கும் அன்றைய கூலி போகும். குண்டடத்திலிருந்து பெரிய ஊருக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். அந்தச் சிரமம் சிறிது அல்ல. ஆனால் கிடைப்பது அதைவிடப் பெரிது.

பிள்ளைக்கு ஒத்துக்கொண்டால், தட்டில் முட்டை வரும். தள்ளி உட்கார வேண்டாம். பிறகு டாக்டர் சொன்ன அளவில் அடிக்கடி கொடுத்துவர வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் தோல்வி அல்ல. இனி வீட்டில் வாதம் இல்லை. என்ன அறிகுறி வரும், என்ன செய்ய வேண்டும் என்பது அப்பத்தாவுக்கும் வாத்தியாருக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே தாய்மார்களே, "பழகிப் போகும்" என்று அடுப்படியில் சோதிக்காதீர்கள். பயந்துபோய் ஆயுள் முழுவதும் தடை போடவும் வேண்டாம். குழந்தை டாக்டரிடம் போய், "இப்போது கொடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். போகும்போது அப்பத்தாவையும் அழைத்துப் போங்கள். பகலெல்லாம் பிள்ளைக்குச் சோறு போடுவது அவர் கைதான் அல்லவா?