ஊசி வைத்தியமும் கற்புள்ள பூச்சியும்



சீன தேசத்து வைத்தியம் இரண்டாயிரம் வருஷத்துப் பழமையுடையது, ஆகையால் அது மெய்யானது என்று நம்மவர்களில் படித்த சிலரே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பழமையானதெல்லாம் மெய்யென்றால் பேயோட்டுவதைவிடப் பெரிய வைத்தியம் உலகத்தில் வேறு ஏது? ஆகவே வயதைத் தள்ளிவிட்டுச் சங்கதியைப் பார்ப்போம்.

அவ்வைத்தியத்தின் மூல நூலை 'மஞ்சள் பேரரசர்' பெயரால் வழங்குகிறார்கள். அவர் நம் புராண ராஜாக்களைப் போன்ற ஒரு கதைப் புருஷர். நூலோ கி.மு. கடைசி நூற்றாண்டுகளில் பலர் கையால் தொகுக்கப்பட்டது. சரீரத்தில் 'ச்சி' என்றொரு சக்தி 12 பாதைகளில் ஓடுகிறதாம். அது தடைப்பட்டால் நோயாம். உரிய இடத்தில் ஊசி குத்தினால் தடை நீங்குமாம். நாட்டிலே பேராறுகள் 12, ஆகவே பாதையும் 12. வருஷத்துக்கு நாள் 365, ஆகவே குத்துமிடமும் 365! இது பிணத்தை அறுத்துப் பார்த்து எண்ணிய கணக்கா, பஞ்சாங்கத்தைப் பார்த்து எண்ணிய கணக்கா? இன்றுவரை எந்த டாக்டர் கத்திக்கும் அந்தப் பாதை அகப்படவில்லை.

வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்டு நாம் இப்படிச் சொல்லுவதாக எண்ண வேண்டாம். சீனாவின் பெரும் எழுத்தாளரான லூ சுன் தம் வீட்டுக் கதையையே எழுதியிருக்கிறார். அவர் சிறுவனாயிருந்தபோது தகப்பனார் உடம்பு வீங்கிப் படுத்துவிட்டார். பேர்பெற்ற வைத்தியர்கள் வந்தார்கள். பையன் நாலு வருஷம் அடகுக்கடைக்கும் மருந்துக்கடைக்குமாக நடந்தான். மருந்தோடு சேர்க்க வைத்தியர் கேட்டது என்ன தெரியுமா? ஒரு ஜோடி சுவர்க்கோழிப் பூச்சி. அதுவும் ஒரே வளையில் முதலிலிருந்தே கூடி வாழ்ந்த தம்பதியாயிருக்க வேண்டுமாம்! மறுமணம் செய்துகொண்ட பூச்சிக்கு மருந்தாகிற யோக்கியதைகூட இல்லை போலும் என்று லூ சுன் எள்ளி நகையாடுகிறார். விதவையைப் பழித்தது போதாமல் பூச்சியையும் விடவில்லை பாருங்கள்! மற்றொரு வைத்தியம், பழைய முரசின் தோலில் செய்த மாத்திரை. ஏனெனில் வயிற்று வீக்கத்துக்கு அவர்கள் பாஷையில் 'முரசு வீக்கம்' என்று பெயர். முரசு கிழிந்தால் வீக்கமும் கிழியுமாம். 1896-ல் தகப்பனார் இறந்தார். மகன் 1904-ல் ஜப்பானிலுள்ள சென்டாய் நகரத்தில் மேல்நாட்டு வைத்தியம் படிக்கச் சேர்ந்தார்.

"ஊசி குத்திக்கொண்டால் வலி குறைகிறதே!" என்பார்கள். குறைகிறது, நாம் மறுக்கவில்லை. ஜெர்மனியில் முதுகுவலிக்காரர் 1162 பேரை வைத்துச் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். சாஸ்திரப்படி குத்தியதில் 100-க்கு 47.6 பேருக்குக் குணம். சாஸ்திரம் சொல்லாத இடத்தில் மேலாகக் குத்தியதில் 44.2 பேருக்குக் குணம். வழக்கமான சிகிச்சையில் 27.4 பேருக்குத்தான். எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒரே பலன் என்றால் 12 பாதையும் 365 இடமும் எதற்கு?

மூலிகை வேறு விஷயம். மலேரியாவுக்கு ஒரு பூண்டைப் பழைய ஏடு சொல்லிற்று. து யூயூ என்ற அம்மையார் அதை அப்படியே நம்பிவிடவில்லை. ஈதரில் சத்தெடுத்து, எலிக்கும் குரங்கிற்கும் கொடுத்துப் பார்த்து, 1972-ல் தாமே விழுங்கிப் பார்த்தார். 2015-ல் நோபல் பரிசு பெற்றார். அதே சீன மூலிகைதான் 1990-களின் துவக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க வந்த பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஒரு செடிக்குப் பதில் வேறொன்று கலந்துவிட்டது. கலந்தது நம்மூர் ஆடுதீண்டாப்பாளையின் இனம்.