ஜெர்மனி செல்லும் நம் மாணாக்கர்

முன்னாளிற் பெரும்பாலும் இங்கிலாந்தையும் அமெரிக்காவையுமே நாடிய நம் மாணாக்கர், இக்காலத்தில் ஜெர்மனியையும் மிகுதியாக நாடுகின்றனர். அந்நாட்டிற் பயிலும் வேற்றுநாட்டு மாணாக்கருள் இந்தியரே தொகையில் முதலிடம் பெற்றுள்ளனர். எமது வேப்பம்பட்டிலிருந்து நாடோறும் மின்சார ரயிலேறிக் கல்லூரி செல்லும் இளைஞரிடையேயும் இப்பேச்சு வழங்குகின்றது. இம்முயற்சியை யாம் வரவேற்கின்றோம். ஆயினும், செல்வோர் பயணத்திற்கு முன்னரே செய்யவேண்டுவதொன்று உண்டு. அஃது அந்நாட்டு மொழியைக் கற்றலாம்.

ஆங்குள்ள அரசினர் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவற்றிற் கல்விக் கட்டணம் இல்லையென்பது மெய்யே. அதுகொண்டு செலவே இல்லையெனக் கருதற்க. வாழ்க்கைச் செலவிற்குப் பொருளுண்டெனக் காட்டும்பொருட்டு வங்கியில் முன்னரே வைக்கவேண்டிய தொகை, 2024 செப்டம்பரில் ஆண்டொன்றிற்கு 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. இதற்கென நிலத்தையும் நகையையும் ஈடுவைக்கும் பெற்றோர் உளர். இத்துணைப் பொருள் திரட்டுவோர், அதிற் சிறு பங்கினை மொழிப் பயிற்சிக்குச் செலவிடத் தயங்குதல் வியப்பிற்குரியதன்றோ!

“பாடம் ஆங்கிலத்தில் நடைபெறுங்கால் ஜெர்மன் எற்றுக்கு?” எனச் சிலர் வினவுவர். வகுப்பறையை விட்டு வெளிவந்தபின் ஆங்கிலம் எவ்விடத்தும் துணைவரும் என எண்ணுதல் தவறு. புதுவீட்டிற் குடிபுகுந்தோர் இரண்டு வாரத்துள் நகர அலுவலகத்தில் தம் பெயரைப் பதிவுசெய்தல் வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். அதற்கு வீட்டுக்காரர் எழுதித்தரும் சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தமும், காப்பீட்டுக் கடிதமும், அரசினர் அறிவிப்பும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே வரும். அவற்றைப் படித்தறியாதவன் சிறு காரியத்திற்கும் பிறர் உதவியை எதிர்நோக்கி நிற்பான். மாணாக்கர் ஆண்டிற்கு 140 முழுநாள் ஊழியஞ் செய்யலாமெனச் சட்டம் 2024 முதல் இசைவளிக்கின்றது. கடைக்கு வருவோருடன் பேசவியலாதவனுக்கு அவ்விசைவாற் பயன் சிறிதே. தமிழரோடு மட்டும் கூடியிருத்தல் முதற் சில திங்களில் ஆறுதல் தரும்; நாளடைவில் அவ்வூராரோடு பழகவொட்டாமல் தடுத்துவிடும்.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டியவர் ஒரு ஜெர்மானியரே. 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், ஹாலேப் பல்கலைக்கழகத்திற் பயின்றவராயினும், சிறுவரோடு ஒருங்கமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1714-இல் அவர் ஐரோப்பா சென்றபொழுது மலையப்பர் என்னும் தமிழிளைஞரும் உடன்சென்றார். 1716-இல் ஐயர் இயற்றிய தமிழிலக்கணம் ஹாலே நகரில் அச்சேறிற்று. வந்த நாட்டின் மொழியைப் பத்தாண்டிற்குள் இலக்கணம் வகுக்குமளவு கற்ற அவரை நோக்க, நாம் ஓராண்டு முயலலாகாதோ?

தமிழ் கற்றார்க்கு அம்மொழி முற்றிலும் அயன்மையுடையதுமன்று. ஜெர்மனிற் சார்பு வாக்கியங்களில் வினை இறுதியில் நிற்கும். பெயர்கள் பல ஒன்றுசேர்ந்து தொகையாகும். இவையிரண்டும் நமக்குப் பழகியனவே.

ஆதலின், ஜெர்மனி செல்லக் கருதும் அன்பர்கள் ஓராண்டிற்கு முன்னரே மொழிப்பயிற்சி தொடங்குவார்களாக. ஜெர்மன் வகுப்பினை மாலை வேளையில் நடத்த நம் கல்லூரித் தலைவர்கள் கருதுவார்களாக. அங்குச் சென்று பயின்ற பழைய மாணவர்கள், தாம் பட்டறிந்தவற்றை இவ்விதழில் எழுதிப் பின்வருவோர்க்கு உதவுமாறும் வேண்டிக்கொள்கின்றோம்.