மூன்று 'மாட்டோம்'... பிழைத்தது ஓர் ஊர்!

ஜப்பானின் நாகானோ மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கிறது சுமாகோ என்ற சிற்றூர். எடோ என்று அழைக்கப்பட்ட டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைத்த நகாசென்டோ சாலையில், பயணிகள் தங்கிச் செல்ல 69 ஊர்கள் இருந்தன. அவற்றில் இது 42-வது. தெருவின் இருபுறமும் மர வீடுகள், சத்திரங்கள்.

ரயில் வந்தது, ஆனால், இந்த ஊர்ப் பக்கம் வரவில்லை. வழிப்போக்கர்கள் குறைந்தார்கள். இளைஞர்கள் பிழைப்பு தேடி நகரங்களுக்குக் கிளம்ப, வீடுகள் பாழடையத் தொடங்கின.

1968-ல் ஊரே கூடிக் களத்தில் இறங்கியது. மாகாண அரசும் கைகொடுக்க, பழைய வீடுகள் பழைய தோற்றத்திலேயே செப்பனிடப்பட்டன. வேடிக்கை பார்க்க வெளியூர்க் கூட்டம் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது... பணக்காரர்கள் ஊரையே வாங்கிவிட்டால்?

1971-ல் ஊர்மக்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். வீடு, நிலம், காடு எதையும் 'விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம்!'

மின்கம்பிகள் பார்வையில் படாமல் மறைக்கப்பட்டன. பகலில் பிரதான தெருவுக்குள் கார்களுக்கு அனுமதி இல்லை. 1976-ல் தேசிய அரசு பாதுகாப்பு அளித்த முதல் பாரம்பரியக் குடியிருப்புகளில் சுமாகோவும் ஒன்றானது.

இடிந்த சுவரை அரசுப் பணம் எழுப்பிவிடும். நல்ல விலை பேச வருபவரிடம் 'இல்லை' என்று சொல்வது மட்டும் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது!