வைவாவில் சொல்லாத பதில்

போன வருஷம் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் வைவாவில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "கரைபொருள் சேர்ந்தால் கரைசலின் ஆவியழுத்தம் குறையும். உதாரணம் சொல்லு." ரவுல்ட் விதியை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். உதாரணத்துக்கு மட்டும் வாயே திறக்கவில்லை. தெரியாமல் அல்ல. சொன்னால் "உங்கப்பா என்ன வேலை?" என்று அடுத்த கேள்வி வந்துவிடுமோ என்ற கூச்சம்!

எங்கப்பா தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளி. பள்ளிக்கூடம் போனதில்லை. "மேல்காத்து அடிச்சாத்தாம்ல உப்பு விளையும். கொண்டல் அடிச்சா பாத்தி அப்படியே கெடக்கும்" என்பார். ரெண்டு நாளும் ஒரே வெயில்தானே என்று சின்ன வயசில் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

விடை நம் பாடத்தில்தான் இருக்கிறது. உப்பு தெவிட்டிய கரைசலின் ஆவியழுத்தம், அதே வெப்பநிலையில் சுத்த நீருடையதில் சுமார் 75 சதவீதம்தான். கடலிலிருந்து வரும் கொண்டலில் ஈரம் அதிகம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை நெருங்கும்போது, கொடியில் போட்ட சட்டை காய்ந்துவிடும். பாத்தித் தண்ணீர் மந்தமாகிவிடும். மேல்காற்று வறண்டது, ஈரத்தை இழுத்துக்கொண்டு போகிறது. மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசிகிறதே, அதுவும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

அடர்த்தியும் அப்படித்தான். கடல்நீர் போமே அளவில் சுமார் 3 டிகிரி. 25 டிகிரியை எட்டினால்தான் உப்பு படியும். அப்போது அடர்த்தி 1.2. சுமார் 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியக் கசப்பு உப்பில் ஏறிவிடும். அதற்குள் வடித்துவிட வேண்டும். அப்பா மீட்டர் இல்லாமல், பாத்தியில் காலை வைத்தே ஓரளவு சொல்லிவிடுவார். ராத்திரி அந்தக் கால் வெடிப்பில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

நாமோ ரெக்கார்டு நோட்டை ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதி, ஐந்து மார்க் கணக்கு போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். இண்டஸ்ட்ரியல் விசிட் என்றால் கொடைக்கானல்! (நானும் போனேன், நடுங்கினேன், மறுக்கவில்லை.) யூனியனுக்கு என் கோரிக்கை: வருகிற ஜூன், ஜூலையில் ஒரு நாள் உப்பளத்துக்குப் போவோம். லேபில் தூங்குகிற ஹைட்ராமீட்டரை எடுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாக அளப்போம். விடியுமுன்னே கிளம்ப வேண்டும், வெயில் ஏறினால் நம்மால் நிற்க முடியாது.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வரச் சொல்லுல. செருப்போட பாத்திக்குள்ள எறங்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லிரு" என்றார்.