லூப்பஸ்: ஆரின்ர உடம்பை வச்சு மருந்து செய்யினம்?

லூப்பஸ் வாறவையில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். ஐக்கிய அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு கூட. கிருமிகளைத் தாக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, சொந்த மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்கத் தொடங்குவதுதான் இந்த நோய். "அது அவையின்ர இனத்தில இருக்கிற பிரச்சினை" எண்டு கதையை முடிக்கிறது லேசு. ஆனால் அது பிழை.

எஃப்சிஜிஆர்2பி என்ற பரம்பரையலகைப் பாருங்கோ. நிர்ப்பீடனத் தொகுதிக்குப் பிரேக் போடுறதுதான் அதின்ர வேலை. அந்தப் பிரேக் ஒழுங்காகப் பிடிக்காத ஒரு வடிவம் ஆபிரிக்கரிடமும் ஆசியரிடமும் ஐரோப்பியரைவிடக் கூடுதலாக இருக்கு. அதே வடிவம் லூப்பஸ் ஆபத்தைக் கூட்டுவதோடு மலேரியாவில் இருந்து பாதுகாப்பும் தருவதாக 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

இத்தாலியின் சார்டீனியாத் தீவில் இருப்பவர்கள் வெள்ளையர்கள். அங்கேயும் மலேரியா நூற்றாண்டுக் கணக்காக இருந்தது. அங்கே 'பாஃப்' என்ற புரதத்தைக் கூட்டும் ஒரு வடிவம் பரவலாக இருக்கு. அதுவும் லூப்பஸ் ஆபத்தைக் கூட்டுது. மலேரியாதான் அதை நிலைக்க வைத்திருக்கலாம் என்பது 2017இல் அதை அடையாளம் கண்டவர்களின் கருத்து. ஆக, தோலின் நிறத்தைவிட நுளம்பின்ர வரலாறு கனக்கச் சொல்லுது.

இனி மருந்துக்கு வருவம். அந்தப் பாஃப் புரதத்தைத் தடுக்கும் பெலிமுமாப், லூப்பசுக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் பரிசோதனைகளில் இருந்த கறுப்பின நோயாளர் மிகச் சிலர். அவர்களுக்கு அது வேலை செய்யுமா எண்டு தெளிவாகச் சொல்ல முடியேல்லை. தனி ஆய்வு பிறகுதான் நடந்தது. அதிலும் உறுதியான பதில் வரேல்லை. நோய் ஆருக்குக் கூடவோ, அவை பரிசோதனையில் குறைவு. இதை எப்படி நியாயப்படுத்துறது?

பரம்பரையலகு மட்டும்தான் காரணம் எண்டு நான் சொல்ல வரேல்லை. வறுமை, பிந்திக் கண்டுபிடிக்கிறது, வைத்தியச் செலவு எல்லாம் சேர்ந்துதான் சிறுநீரகத்தை அழிக்குது. ஆனால் 2016இல் வெளியான கணக்கின்படி, முழு மரபணுத்தொகுதி ஆய்வுகளில் பங்குபற்றியவர்களில் சுமார் 81% ஐரோப்பிய வம்சாவளியினர். மிச்ச உலகம் முழுக்க, தெற்காசியரான நாங்களும் சேர்த்து, அந்த மீதிக்குள்ள. அந்தக் கணக்கு மாறும்வரை, எங்களுக்கு எழுதித் தாற மருந்துச் சீட்டில் ஒரு பகுதி ஊகம்தான்.